கவுன்சில் தேர்தலில் எனக்கும் வாக்கு உண்டா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

2026 மே 7ஆம் திகதி லண்டனின் 32 பரோக்களிலும் (உள்ளூராட்சிப் பகுதிகளிலும்) கவுன்சில் தேர்தல் நடக்கிறது. இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அதைப் பற்றியவை. பள்ளி அனுமதி, வாடகை முற்பணம் பற்றி எழுதியவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்; இந்தப் பக்கங்கள் முழுவதையும் வாக்காளர் பதிவுக்கே தருகிறேன். பல தேர்தல்களில் வாக்குச்சாவடி மேசையில் எழுத்தராக இருந்து பட்டியலில் பெயர் தேடிக் கொடுத்தவள் நான். பெயர் இல்லை என்று சொல்லி ஒருவரைத் திருப்பி அனுப்புவதைப்போல மனம் கனக்கும் வேலை வேறில்லை. அதிலும் தமிழ் முகங்கள் அப்படித் திரும்பிப் போவதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே திகதிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். பெயர் பதிய ஏப்ரல் 20 நள்ளிரவு கடைசி. தபால் வாக்குக்கு விண்ணப்பிக்க ஏப்ரல் 21 மாலை 5 மணி. பதிலாள் மூலம் வாக்களிக்கவும், படத்தோடு கூடிய வேறு அடையாள ஆவணம் இல்லாதவர்கள் வாக்காளர் அடையாளச் சான்றிதழ் பெறவும் ஏப்ரல் 28 மாலை 5 மணி. இதைக் கிழித்துக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவைத்துவிட்டு மேலே படியுங்கள்.

கேள்வி: தமிழ்நாட்டிலிருந்து வந்து இல்ஃபோர்டில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளராக வேலை செய்கிறேன். கணவர் என் விசாவைச் சார்ந்து வந்திருக்கிறார். இருவரும் இந்தியக் குடிமக்கள். பிரிட்டிஷ் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்குத்தான் வாக்கு என்று வேலையிடத்தில் எல்லாரும் சொல்கிறார்கள். பக்கத்து வீட்டு அம்மாவோ எனக்கும் உண்டு என்கிறார். பெயர் பதிந்தால் விசாவுக்கோ இந்தியக் குடியுரிமைக்கோ பாதிப்பு வருமா அக்கா? (வாசகி, இல்ஃபோர்ட்)

பக்கத்து வீட்டு அம்மா சொன்னதுதான் சரி, தங்கச்சி. உங்களுக்கும் வாக்கு உண்டு, உங்கள் கணவருக்கும் உண்டு. கவுன்சில் தேர்தலில் மட்டுமல்ல, நாடாளுமன்றத் தேர்தலிலும் உண்டு.

இந்த நாட்டின் சட்டம் பிரிட்டிஷ் குடிமக்களோடு அயர்லாந்துக் குடிமக்களையும் பொதுநலவாய நாடுகளின் குடிமக்களையும் வாக்காளர்களாக ஏற்கிறது. இந்தியா பொதுநலவாய நாடு. இலங்கையும் அப்படியே. மலேசியா, சிங்கப்பூர், மொரீஷியஸ், தென்னாப்பிரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா என்று தமிழர் பரந்து வாழும் நாடுகளில் பல இந்தப் பட்டியலில் இருக்கின்றன. அந்தக் கடவுச்சீட்டு உள்ளவர் இங்கே வசிக்க வேண்டும். இங்கே தங்குவதற்கு உள்துறை அமைச்சு கொடுத்த அனுமதி கையில் இருக்க வேண்டும். அது எந்த வகை அனுமதி என்று சட்டம் பிரித்துப் பார்ப்பதில்லை. பராமரிப்பாளர் விசா, திறன்சார் தொழிலாளர் விசா, மாணவர் விசா, படிப்பு முடித்தவர்களுக்கான விசா, துணைவர் விசா, நிரந்தர வதிவிட உரிமை எல்லாம் போதும். எத்தனை ஆண்டுகள் இங்கே இருந்திருக்க வேண்டும் என்ற குறைந்தபட்சக் கணக்கும் கிடையாது. போன மாதம் விமானத்தில் வந்து இறங்கி இங்கே குடியிருக்கத் தொடங்கியவரும் பதியலாம்.

விசாவைப் பற்றி உங்களுக்கு இருக்கும் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. உங்கள் விசாவில் அரசின் பொது நிதி உதவிகளைப் பெறக்கூடாது என்ற நிபந்தனை இருக்கும். பலர் அதோடு வாக்குரிமையையும் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். அந்த நிபந்தனை வீட்டு உதவித்தொகை போன்றவற்றைப் பற்றியது. வாக்களிப்பது அதில் சேராது. இந்தியக் குடியுரிமையைப் பொறுத்தவரை, வேறு நாட்டின் குடியுரிமையை விரும்பி ஏற்றால்தான் அது போகும். இங்கே வாக்களிப்பதால் நீங்கள் பிரிட்டிஷ் குடிமகளாகிவிடுவதில்லை.

எச்சரிக்கையாக இருக்க வேண்டியவர்களும் இருக்கிறார்கள். விசா முடிந்து, புதிய விண்ணப்பமும் போடாமல் இருப்பவர்கள், புகலிடம் கேட்டு இன்னும் முடிவு வராமல் எந்த அனுமதியும் இல்லாமல் காத்திருப்பவர்கள் இப்போது பதியக்கூடாது. பொய்த் தகவல் கொடுத்துப் பதிந்தால் அபராதத்துக்கு உச்சவரம்பு கிடையாது. 6 மாதம்வரை சிறையும் கிடைக்கலாம். அதே புகலிடக் கோரிக்கையாளர் அகதியாக ஏற்கப்பட்டு அனுமதி பெற்றதும், இலங்கைக் குடிமகன் என்ற முறையில் மறுநாளே பதியலாம். எங்கள் ஆட்களில் எத்தனையோ பேர் அந்த அனுமதி கிடைத்த பிறகும் பிரிட்டிஷ் கடவுச்சீட்டு வரட்டும் என்று ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அந்த ஆண்டுகளில் வந்துபோன தேர்தல்கள் எல்லாம் அவர்களுக்கும் உரியவை என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. உங்கள் முதியோர் இல்லத்தில் கேரளத்திலிருந்தோ நைஜீரியாவிலிருந்தோ கானாவிலிருந்தோ வந்தவர்கள் இருந்தால் அவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள். அவர்களுக்கும் இதே உரிமைதான்.

பதிவு செய்ய 5 நிமிடம் போதும். அரசாங்கத்தின் ஜிஓவி.யூகே இணையதளத்தில் வாக்காளர் பதிவுப் பக்கம் இருக்கிறது. பெயர், பிறந்த திகதி, முகவரி, குடியுரிமை, தேசிய காப்புறுதி இலக்கம் கேட்பார்கள். உங்கள் கணவர் இன்னும் வேலைக்குப் போகாமல் அந்த இலக்கம் எடுக்காமல் இருந்தால், இல்லை என்றே குறிப்பிட்டுக் காரணத்தைச் சொல்லலாம். அப்போது கவுன்சில் கடவுச்சீட்டு போன்ற ஆவணத்தைக் கேட்டு எழுதும். குடியுரிமை என்ற இடத்தில் இந்தியா என்று தயங்காமல் போடுங்கள். இணையம் கைவராதவர்கள் தங்கள் கவுன்சிலின் தேர்தல் பிரிவைத் தொலைபேசியில் அழைத்தால் காகிதப் படிவம் அனுப்புவார்கள். ஒரு பைசா செலவில்லை. பணம் வாங்கிக்கொண்டு பதிந்து தருகிறேன் என்று யாராவது வந்தால் விரட்டிவிடுங்கள்.

கேள்வி: வெம்பிளியில் ஒரு வீட்டின் அறையில் வாடகைக்கு இருக்கிறேன். எல்லாக் கட்டணங்களும் வீட்டுக்காரர் பெயரில். அதே வீட்டின் கீழ்த்தளத்தில் அவரும் இருக்கிறார். இந்த முகவரியில் வாக்குப் பதியாதே, எனக்குப் பிரச்சினை வரும் என்கிறார். அவரைப் பகைத்துக்கொள்ள முடியாது. என்ன செய்யலாம்? (வாசகர், வெம்பிளி)

தம்பி, ஒரு முகவரியில் வாக்காளராகப் பதிய வீட்டுக்காரரின் சம்மதம் தேவையில்லை. வாடகை ஒப்பந்தமோ மின்சாரக் கட்டணச் சீட்டோ வேண்டியதில்லை. அங்கே வசிக்கிறீர்கள் என்பதுதான் கணக்கு. 2014இலிருந்து இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒவ்வொருவரும் தன் பெயரைத் தானே பதிய வேண்டும். முன்பு வீட்டுத் தலைவர் எல்லார் பெயரையும் ஒரே படிவத்தில் எழுதி அனுப்பிய வழக்கம் அதோடு போய்விட்டது.

அவருக்கு என்ன பிரச்சினை என்று ஊகிக்க முடிகிறது. பெரியவர் ஒருவர் மட்டும் வாழும் வீட்டுக்குக் கவுன்சில் வரியில் 25 வீதம் தள்ளுபடி உண்டு. தனியாக இருக்கிறேன் என்று சொல்லி அதை வாங்குபவரின் முகவரியில் இன்னொரு பெயர் வாக்காளர் பட்டியலில் ஏறினால் கவுன்சிலுக்குத் தெரிந்துவிடும். உங்கள் வீட்டுக்காரர் அப்படிச் செய்கிறார் என்று நான் சொல்லவில்லை. வேறு காரணமும் இருக்கலாம். ஆனால் அவர் பெறும் எந்தச் சலுகைக்காகவும் உங்கள் வாக்கை நீங்கள் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. இலையுதிர் காலத்தில் கவுன்சில் ஒவ்வொரு வீட்டுக்கும் அங்கே யார் யார் வசிக்கிறார்கள் என்று விசாரித்துக் கடிதம் அனுப்புகிறது. அதற்குப் பதில் தராமல் இருந்தால் 1,000 பவுண்வரை அபராதம் வரலாம். பெயர் பதியும்படி உங்களுக்கே கடிதம் வந்து, திரும்பத் திரும்பக் கேட்டும் பதியாவிட்டால் 80 பவுண் அபராதம் விதிக்க முடியும். பதிந்த பிறகு வாக்களிப்பதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம்.

இன்னொன்று. பட்டியலில் இருவகை உண்டு. முழுப் பட்டியல் தேர்தலுக்கும், கடன் தகுதி பார்க்கும் நிறுவனங்களுக்கும், சட்டம் அனுமதித்த வேறு சில தேவைகளுக்கும். திறந்த பட்டியலை யாரும் விலைக்கு வாங்கலாம். படிவத்திலேயே திறந்த பட்டியலில் என் பெயர் வேண்டாம் என்று குறிக்க இடம் இருக்கிறது. எல்லாரும் அதைக் குறியுங்கள் என்பதே என் ஆலோசனை. முழுப் பட்டியலில் பெயர் இருப்பது நாளைக்கு நீங்கள் வீட்டுக் கடன் கேட்கும்போதும் உதவும். கடன் நிறுவனங்கள் உங்கள் முகவரியை அதில்தான் ஒப்பிட்டுப் பார்க்கின்றன.

கேள்வி: நாங்கள் பாரிஸில் இருந்து 2012இல் குரொய்டனுக்கு வந்தோம். எனக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை. மனைவிக்கு இலங்கைக் கடவுச்சீட்டு. தம்பி ஜெர்மன் குடிமகன், 2022இல் வேலை கிடைத்து விசாவில் வந்தவன். மாமி சுவிஸ் குடியுரிமையோடு எங்களுடன் இருக்கிறார். யாருக்கு வாக்கு உண்டு? (வாசகர், குரொய்டன்)

ஐயா, உங்கள் வீட்டில் நான்கு பேருக்கும் நான்கு விதமான பதில்.

மனைவிக்கு முழு உரிமை. இலங்கைக் கடவுச்சீட்டும் இங்கே தங்கும் அனுமதியும் இருப்பதால் கவுன்சில், நாடாளுமன்றம் இரண்டிலும் வாக்களிக்கலாம்.

உங்களுக்குக் கவுன்சில் தேர்தலில் வாக்கு உண்டு, நாடாளுமன்றத் தேர்தலில் இல்லை. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய பிறகு விதி மாறியது. 2020 டிசம்பர் 31இலோ அதற்கு முன்போ இங்கே வந்து, அன்றிலிருந்து சட்டப்படி தொடர்ந்து வசிக்கும் ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கு உள்ளூராட்சி வாக்கு காப்பாற்றப்பட்டிருக்கிறது. 2012இல் வந்த நீங்கள் அதில் அடங்குவீர்கள். முன்பே பதிந்திருந்தாலும், பெயர் இன்னும் பட்டியலில் இருக்கிறதா என்று குரொய்டன் கவுன்சிலின் தேர்தல் பிரிவிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள். 2024 மே மாதம் இந்தப் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்தபோது ஐரோப்பியர்களின் தகுதியைக் கவுன்சில்கள் மறுபரிசீலனை செய்தன. அப்போது வந்த கடிதத்தை விளம்பரம் என்று நினைத்துக் குப்பையில் போட்டவர்களும் இருப்பார்கள்.

தம்பிக்கு இங்கிலாந்தில் வாக்கு இல்லை. 2021 ஜனவரி 1இலிருந்து வந்த ஐரோப்பியர்களில், பிரிட்டனோடு தனி ஒப்பந்தம் செய்துகொண்ட டென்மார்க், லக்ஸம்பர்க், போலந்து, போர்த்துக்கல், ஸ்பெயின் ஆகிய 5 நாடுகளின் குடிமக்களுக்கே உள்ளூராட்சி வாக்கு. ஜெர்மனி அதில் இல்லை. டென்மார்க்கில் இருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் இந்த வரியைக் கவனியுங்கள். நீங்கள் எந்த ஆண்டில் வந்திருந்தாலும், இங்கே தங்க அனுமதி இருந்தால் பதியலாம். சைப்ரஸும் மால்டாவும் பொதுநலவாய நாடுகள் என்பதால் அந்தக் குடிமக்களுக்கு எல்லாத் தேர்தலும் உண்டு.

சுவிற்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்திலும் இல்லை, பொதுநலவாயத்திலும் இல்லை. மாமிக்கு இங்கிலாந்தில் வாக்கு கிடையாது. அவர் இலங்கைக் குடியுரிமையையும் இரட்டைக் குடியுரிமையாக முறைப்படி வைத்திருக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள். வைத்திருந்தால் அந்தத் தகுதியில் பதியலாம். இதே மாமி ஸ்கொட்லாந்திலோ வேல்ஸிலோ சட்டபூர்வமாக வசித்தால் உள்ளூராட்சித் தேர்தலில் வாக்களித்திருப்பார். அங்கே தங்க அனுமதி உள்ள எந்த நாட்டவருக்கும் அந்த வாக்கு உண்டு. 16 வயதிலேயே வாக்களிக்கலாம். இங்கிலாந்தும் அப்படிச் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒரே தெருவில் வரி கட்டி, ஒரே குப்பைத் தொட்டியை வெளியே வைக்கும் குடும்பத்தில் மாமிக்கு மட்டும் சொல்ல ஒன்றுமில்லை என்பது நியாயமாகப் படவில்லை.

கேள்வி: பெயரும் முகவரியும் வேண்டாம் அக்கா. எங்கள் வீட்டில் 6 வாக்குகள். பல வருடங்களுக்கு முன் மாமனார் எல்லாருக்கும் தபால் வாக்குக்கு விண்ணப்பித்தார். கவர்கள் வந்ததும் எங்களிடம் கையெழுத்தை வாங்கிக்கொண்டு அவரே எல்லா வாக்குச்சீட்டையும் நிரப்புவார். நிற்பவர் தெரிந்தவர், அவருக்குத்தான் போட வேண்டும் என்பார். நான் இந்த நாட்டுக்கு வந்து 11 வருடம். இன்னும் ஒரு வாக்குச்சீட்டில் என் கையால் புள்ளடி (X குறி) போட்டதில்லை. (வாசகி, ஹரோ)

உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன், தங்கச்சி. இதே கதையை வேறு வேறு ஊர்களில் இருந்து பெண்கள் எழுதுகிறார்கள். கடைசியாக நீங்கள் எழுதிய வரி என்னை உலுக்கிவிட்டது.

முதலில் உங்களுக்குச் சாதகமான ஒரு செய்தி. 2023 அக்டோபர் 31க்கு முன் விண்ணப்பித்துப் பெற்ற பழைய தபால் வாக்கு ஏற்பாடுகள் எல்லாம் 2026 ஜனவரி 31ஆம் திகதியோடு காலாவதியாகிவிட்டன. இனித் தபால் வாக்கு வேண்டுமென்றால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், அதுவும் அதிகபட்சம் மூன்று ஆண்டுகளுக்கே. உங்கள் வீட்டு ஏற்பாடு பல வருடங்களுக்கு முந்தியது என்றால் அது இப்போது இல்லை. நீங்கள் ஒன்றும் செய்யாமல் இருந்தாலே வாக்குச்சாவடிக்கு நேரே போகும் வாக்காளராகிவிடுவீர்கள். மாமனார் புதிய விண்ணப்பத்தை நீட்டினால், இந்த முறை பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வரும் வழியில் போட்டுவிடுகிறேன் மாமா என்று மரியாதையாகச் சொல்லுங்கள். அதற்குமேல் விளக்கம் கொடுக்க வேண்டியதில்லை.

உங்களுக்குத் தெரியாமல் ஏற்கனவே புதிதாக விண்ணப்பித்திருந்தால்? கவுன்சிலின் தேர்தல் பிரிவுக்கு நீங்களே அழைத்து, என் பெயரில் தபால் வாக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அதை நிறுத்தும்படி எழுத்தில் கேளுங்கள். ஏப்ரல் 21 மாலை 5 மணிக்குள் அவர்களுக்குப் போய்ச் சேர வேண்டும். இதைத் தள்ளிப்போடாதீர்கள். தபால் வாக்காளர் என்று பட்டியலில் குறி இருந்தால் சாவடியில் உங்களுக்கு வாக்குச்சீட்டுத் தர முடியாது. அந்தக் குறியைப் பார்த்துவிட்டு, உங்களுக்குத் தபாலில் வந்திருக்குமே அம்மா என்று மேசையில் இருந்து சொல்லும்போது எதிரே நிற்பவரின் முகம் மாறுவதைக் கண்டிருக்கிறேன். தன் பெயரில் கவர் வந்ததே அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்காது.

சாவடிக்குள் உங்களைச் சட்டம் காக்கிறது. வாக்களிக்கும் மறைவிடத்துக்குள் ஒருவரோடு கூடப் போய், அல்லது பக்கத்தில் நின்று, அவர் வாக்கை மாற்ற முயல்வது 2023இல் வந்த வாக்கு இரகசியச் சட்டத்தின்படி குற்றம். கணவராக இருந்தாலும், மாமனாராக இருந்தாலும், ஊரின் பெரிய மனிதராக இருந்தாலும் அது பொருந்தும். யாராவது கூடவே வந்தால் மேசையில் இருப்பவரைப் பாருங்கள். அவரைத் தள்ளி நிற்கச் சொல்வது எங்கள் கடமை, சொல்லவும் சொல்லியிருக்கிறோம்.

மாமனாருக்கும் ஒரு வார்த்தை, இந்தப் பக்கம் அவர் கண்ணில் பட்டால். ஐயா, குடும்பத்தின் நன்மைக்காகவே நீங்கள் இதைச் செய்வதாக நம்புகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். ஊரில் ஒரு வீட்டு வாக்கு ஒரே இடத்துக்குப் போவது பெருமையாக இருந்தது. ஆனால் இங்கே இன்னொருவரின் வாக்குச்சீட்டை நீங்கள் நிரப்புவது தேர்தல் குற்றம். விசாரணை வந்தால் சிறைவரை போகும். கையெழுத்துப் போட்ட மருமகளும் அதில் மாட்டிக்கொள்வாள். யாருக்குப் போட வேண்டும் என்று வீட்டில் எவ்வளவு வேண்டுமானாலும் வாதாடுங்கள். அது உங்கள் உரிமை. சீட்டு வரும்போது அவரவர் தனியாக இருந்து நிரப்பி, அவரவரே கவரை ஒட்டட்டும். தபால் வாக்குக் கவர்களைச் சாவடியில் நேரே கொடுப்பதற்கும் இப்போது வரம்பு இருக்கிறது: தன்னுடையதோடு மற்றவர்களுடையது 5வரை, அதற்கும் படிவம் நிரப்ப வேண்டும். கட்சிக்காக வேலை செய்பவர்கள், தங்கள் நெருங்கிய குடும்பத்தினருடையதையும் தாங்கள் வழக்கமாகப் பராமரிப்பவருடையதையும் தவிர, மற்றவர்களின் தபால் வாக்குக் கவரைக் கையில் வாங்கவே கூடாது.

கேள்வி: அம்மாவுக்கு 78 வயது. ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது, கண்ணும் மங்கல். அவருக்கு நான் உதவலாமா, அதுவும் குற்றமா? (வாசகர், கிங்ஸ்டன்)

உதவலாம். பார்வைக் குறைபாடு, வேறு உடல் இயலாமை, வாசிக்க இயலாமை ஆகியவற்றால் தனியே வாக்களிக்க முடியாதவர், 18 வயது நிறைந்த ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வரலாம். முதலில் சாவடித் தலைமை அலுவலரிடம் சொல்ல வேண்டும். நீங்கள் ஒரு சிறிய உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டியிருக்கும். அம்மா விரும்பினால் தலைமை அலுவலரே அவர் சொல்லும் இடத்தில் புள்ளடி போட்டுக் கொடுப்பார். பெரிய எழுத்தில் அச்சிட்ட மாதிரிச் சீட்டும் அங்கே இருக்கும். கட்சி வேட்பாளர்களின் பெயருக்குப் பக்கத்தில் பெரும்பாலும் கட்சிச் சின்னம் அச்சிட்டிருப்பதால் ஆங்கிலம் தெரியாத பல அம்மாக்கள் துணையே இல்லாமல் தாங்களே போட்டுவிட்டுப் போகிறார்கள். அம்மா யாருக்குப் போடச் சொல்கிறாரோ அங்கே போடுங்கள், அதை வெளியே சொல்லாதீர்கள்.

கேள்வி: அடையாள அட்டை இல்லாவிட்டால் வாக்களிக்க விடமாட்டார்களாமே? இலங்கை அடையாள அட்டை செல்லுமா? என் பெயரும் ஒவ்வொரு ஆவணத்தில் ஒவ்வொரு மாதிரி இருக்கிறது. (வாசகி, ஈஸ்ட்ஹாம்)

2023 மே மாதத்திலிருந்து இங்கிலாந்தின் கவுன்சில் தேர்தல்களில் படத்தோடு கூடிய அடையாள ஆவணம் கட்டாயம். இலங்கை தேசிய அடையாள அட்டை செல்லாது, இந்திய ஆதார் அட்டையும் செல்லாது. ஆனால் இலங்கை, இந்தியக் கடவுச்சீட்டுகள் செல்லும். எந்தப் பொதுநலவாய நாட்டின் கடவுச்சீட்டானாலும் சரி. திகதி முடிந்திருந்தாலும் படம் உங்களைப் போலவே இருந்தால் ஏற்போம். பிரிட்டிஷ் சாரதி அனுமதிப்பத்திரம், முதியோர் பஸ் பாஸ், மாற்றுத்திறனாளிகளின் நீல வாகன அட்டை, பழைய பயோமெட்ரிக் வதிவிட அட்டை ஆகியவையும் செல்லும். இந்தியாவிலோ இலங்கையிலோ எடுத்த சாரதி அனுமதிப்பத்திரம் செல்லாது. கைத்தொலைபேசியில் ஈ-விசாவைத் திறந்து காட்டுபவர்கள் அதிகமாகிவிட்டார்கள். அதை ஏற்க முடியாது. எந்த ஆவணத்தின் படமும் ஏற்கப்படாது, அசல்தான் வேண்டும்.

கடவுச்சீட்டு புதுப்பிப்பதற்காகத் தூதரகத்தில் கிடக்கிறதா? ஏப்ரல் 28 மாலை 5 மணிக்குள் வாக்காளர் அடையாளச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். இலவசம். அதற்கு முன் பெயர் பட்டியலில் பதிந்திருக்க வேண்டும்.

பெயர் விஷயத்தில் எங்கள் ஆட்கள் படும் பாடு எனக்குத் தெரியும். அப்பாவின் பெயர் முதலில், நம் பெயர் பின்னால். தலைப்பெழுத்து ஓர் ஆவணத்தில், முழுப்பெயர் இன்னொன்றில். இந்தியக் கடவுச்சீட்டில் குடும்பப் பெயருக்கான இடமே வெறுமையாக. பதியும்போது, சாவடிக்குக் கொண்டுபோகப் போகும் ஆவணத்தை முன்னால் வைத்து, அதில் இருக்கிறபடியே எழுத்துக்கு எழுத்து தட்டச்சிடுங்கள். படிவம் அப்படி ஏற்க மறுத்தால் தேர்தல் பிரிவை அழையுங்கள். சிறிய வேறுபாட்டுக்காக யாரையும் திருப்பி அனுப்ப மாட்டார்கள். திருமணத்துக்குப் பின் குடும்பப் பெயர் மாறியிருந்தால் திருமணச் சான்றிதழையும் கொண்டுபோங்கள். கவுன்சில் அனுப்பும் போல் கார்ட் (வாக்களிப்பு அறிவிப்பு அட்டை) வரவில்லை என்றாலோ தொலைந்துவிட்டாலோ கவலை வேண்டாம். அது இல்லாமலே வாக்களிக்கலாம்.

கேள்வி: மகள் லெஸ்டரில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். பிரிட்டிஷ் குடிமகள், வயது 19. எங்கே பதிவது? (வாசகி, ஹரோ)

இரண்டு இடத்திலும் பதியலாம். இரண்டும் வெவ்வேறு கவுன்சில் என்பதால் இரண்டு கவுன்சில் தேர்தலிலும் வாக்களிக்கவும் செய்யலாம். நாடாளுமன்றத் தேர்தல் வந்தால் ஒரே ஒரு இடத்தில் மட்டும். மாணவர் அட்டை சாவடியில் செல்லாது, சொல்லி வையுங்கள். தம்பி தங்கை இருந்தால் 16 வயதிலேயே பெயரைப் பதிந்து வைக்கலாம். 18 ஆனதும் வாக்களிப்பார்கள்.

கேள்வி: போன தேர்தலில் ஒரு பெயருக்குப் புள்ளடி போட்டுவிட்டு வந்தேன். மூன்று பேருக்குப் போட்டிருக்கலாம் என்று நண்பர் சொல்கிறார். உண்மையா? (வாசகர், லூயிசம்)

உண்மை. லண்டனில் ஒரு வட்டாரத்துக்கு ஒருவர், இருவர் அல்லது மூவர் கவுன்சிலர்களாகத் தெரிவாகிறார்கள். எத்தனை இடமோ அத்தனை புள்ளடிவரை போடலாம். சீட்டின் மேலேயே அந்த எண்ணிக்கை எழுதியிருக்கும். குறைவாகப் போட்டாலும் செல்லும், ஒன்று கூடினால் சீட்டே செல்லாது. மூன்றையும் ஒரே கட்சிக்குத்தான் போட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பூங்காவைக் காப்பாற்றப் போராடியவர் ஒரு கட்சி, தமிழ்ப் பள்ளிக்கு மண்டபம் எடுத்துத் தந்தவர் இன்னொரு கட்சி என்றால் இருவருக்கும் போடலாம். கோயிலுக்குத் திட்ட அனுமதி, வீதியோர வாகனத் தரிப்பு, நூலகம், முதியோருக்கான வீட்டுப் பராமரிப்பு எல்லாம் இவர்கள் கையில்தான் இருக்கின்றன. உங்கள் வட்டாரத்தில் நிற்கும் எல்லார் பெயரையும் முன்கூட்டியே பார்த்து வையுங்கள்.

லூயிசத்தில் உங்களுக்கு இன்னொரு சீட்டும் கிடைக்கும். ஹக்னி, லூயிசம், நியூஹாம், டவர் ஹாம்லெட்ஸ், குரொய்டன் ஆகிய 5 பரோக்களில் மேயரையும் மக்களே நேரடியாகத் தெரிவு செய்கிறார்கள். அந்தச் சீட்டில் ஒரு புள்ளடி மட்டும்.

சாவடிகள் காலை 7 மணியிலிருந்து இரவு 10 மணிவரை திறந்திருக்கும். 10 மணிக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தால் வாக்களிக்க விடுவார்கள். இரவு வேலைக்குப் போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள், கடவுச்சீட்டை எடுத்துக்கொண்டு.